212-ஆம் குரலின் கடைசி வாக்கியம்

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவள் எத்தனையோ இடத்தில் தப்பித்திருப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், உப்பு குறைச்சல் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருகிற ரகம். அதனால்தான் அவள் சொன்னதை நம்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதில் பாதி அவள் கண் முன்னால் நடந்தது. மீதிப் பாதி, ஏழு கிலோமீட்டர் தள்ளி, என் கண் முன்னால் நடந்தது. நேரங்களை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எதையும் குறித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது.

அவள் வேலை பார்ப்பது ஒரு குரல் கம்பெனியில். சிரிக்காதீர்கள், அப்படி ஒன்று இருக்கிறது. தொண்டையில் பெரிய ஆபரேஷன் ஆகப் போகிறவர்கள் முதலிலேயே அங்கே போய், ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்துவிட்டு வருவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு போய்விடும். அந்தப் பதிவுகளை வைத்து, அவர்கள் குரலிலேயே பேசுகிற கருவி ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். விரலால் தட்டினால் போதும், கருவி பேசும். அதைச் செய்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பதிவு ஃபைல்கள்தான் எல்லாம். அவை போனால் குரல் போனதுதான். திரும்பப் பதிவு செய்யத் தொண்டை இருக்காது.

எல்லோருக்கும் அதே ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்தான். அர்த்தம் முக்கியமில்லை, எல்லா எழுத்துச் சத்தமும் வர வேண்டும், அவ்வளவுதான். முதல் வாக்கியம், "விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தேன்." கடைசி வாக்கியம், "எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகிறேன்." எந்த மகராசன் உட்கார்ந்து எழுதினானோ தெரியவில்லை. உடம்புக்கு முடியாமல் வருகிறவர்களிடம் வாசிக்கச் சொல்கிற வாக்கியமா இது.

நாத்தனாருக்குப் பதிவு வேலை இல்லை. கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பொறுப்பு. குரல்கள் எல்லாம் அந்த சர்வரில் இருந்தன. தினமும் மதியம் ஒரு மணிக்கு பேக்கப் மென்பொருள் தானாக ஓடும். அவள் எழுதி வைத்த கட்டளைப்படி, குரல்கள் இருக்கும் ஃபோல்டரை நகல் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைக்கும். முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும். "முடிந்தது. பிழை 0." அவள் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவாள். ஒரு நாள் தவறியதில்லை.

பதிவு அறையில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். ஏசி குளிருக்காக எந்நேரமும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அதனால் மப்ளர் சார். வருகிறவர்களிடம் அவர் பேசியது மொத்தமே மூன்று பேச்சுதான். வாக்கியம் சரியாக வந்தால், "அடுத்தது." வராவிட்டால், "மறுபடி." நேரம் முடிந்தால், "மீதி அடுத்த வாரம்." யாருடைய பட்டியலையும் அரைகுறையாக விட மாட்டார். முடிக்காமல் போனவர்களை வீட்டுக்கே ஃபோன் போட்டு வரவழைப்பார். நான் சொல்லப் போகிற நாளுக்கு எட்டு மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக ஆபீஸுக்கு வந்தவர், பதிவு அறை நாற்காலியிலேயே இறந்துபோனார். திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தார்கள். இதை அவள் அப்போது எங்களிடம் சொல்லவில்லை. வீட்டில் ஆபீஸ் பேச்சு எடுக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அங்கே ஒவ்வொருவர் குரலுக்கும் ஓர் எண். இப்போது 212-ஆம் எண்ணுக்கு வருகிறேன். அது அவளுடைய அண்ணன். அதாவது என் வீட்டுக்காரர்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பு, குரல் கம்மத் தொடங்கியபோதே அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நான்கு நாளில் ஆயிரத்து அறுநூறையும் வாசிக்க வைத்தாள். பதிவு செய்தது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். வியாழக்கிழமை ஆபரேஷன் ஆனது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை, மூச்சு இனி அதன் வழியாகத்தான். வாயால் ஒரு சத்தமும் வராது. கையில் ஒரு சிறிய சிலேட்டைக் கொடுத்தார்கள். அவர் அதில் முதலில் எழுதியது, "நீ சாப்பிட்டாயா?" நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

ஞாயிறு. காலை 11:20. நாங்கள் இருவரும் அவர் கட்டிலருகே இருந்தோம். நாத்தனாரின் ஃபோனில் ஏதோ செய்தி வந்தது. முகம் மாறிவிட்டது.

"என்ன?" என்றேன்.

"ஆபீஸ் சர்வர். டிஸ்க் சரியில்லையாம். ஒரு எட்டு போய் பார்த்துட்டு வந்துடறேன் அண்ணி."

"இவரோடது அதுலதானே இருக்கு?"

"தினமும் பேக்கப் எடுக்கறோம். பயப்படாதீங்க."

அவளுக்குப் பொய் சொல்ல வராது என்றேன் இல்லையா. அதை அவள் உண்மை என்று நம்பித்தான் சொன்னாள்.

12:05-க்கு ஆபீஸ் வாசலில் இறங்கினாள். மூன்றாவது மாடி. கீழே வாட்ச்மேன் இருந்தார். வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"இன்னைக்கு உங்க ஆபீஸ்ல ரெண்டு பேரா?" என்று கேட்டார்.

அவசரத்தில் அவளுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கைப் போடாவிட்டால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஒரு பக்கச் சுவரில் மட்டும் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு அறை. அங்கே பேசுவது இங்கே கேட்க, சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர். கதவைத் திறந்ததுமே அவளுக்குச் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக்... கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டிக். டிஸ்க் சாகிற சத்தம் அது. அந்த வேலையில் இருக்கிறவர்கள் அந்தச் சத்தம் தூக்கத்தில் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று திரையில் பட்டியல் கேட்கும் கட்டளையைத் தட்டினாள். 12:20. நேற்றைய நகல், ஃபைல்கள் 0. முந்தாநாள் நகல், ஃபைல்கள் 0. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். போன வாரம், 0. போன மாதம், 0. எட்டு மாதமும் 0.

எட்டு மாதம் முன்பு பழைய டிஸ்க் நிரம்பி, புது டிஸ்க்குக்குக் குரல்களை எல்லாம் மாற்றியது அவள்தான். மப்ளர் சார் இறந்த வாரம் அது. ஆபீஸே ஒரு நிலையில் இல்லை. மாற்றியவள், பேக்கப் கட்டளையில் இருந்த பழைய ஃபோல்டர் பெயரை மாற்ற மறந்துவிட்டாள். மென்பொருள் என்ன செய்யும், பாவம். சொன்னதைச் செய்யும். காலியாகக் கிடந்த பழைய ஃபோல்டரைத் தினமும் ஒரு மணிக்கு ஒழுங்காக நகல் எடுத்து, "முடிந்தது. பிழை 0" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லாததை நகல் எடுப்பதில் என்ன பிழை வரப் போகிறது. அவளும் டிக் போட்டுக்கொண்டே இருந்தாள். டிபன் பாக்ஸ் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, கனக்கிறதா என்று பார்க்காமல் தினமும் தூக்கிக்கொண்டு போனதுபோல.

அண்ணன் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் டிக், டிக் என்றது.

டிஸ்க் விற்ற மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள். 12:41.

"ஆஃப் பண்ணிட்டு உங்ககிட்ட எடுத்துட்டு வரட்டுமா?"

"ஐயோ, தொடாதீங்க. நிறுத்தினா மறுபடி சுத்தாது. ஓடுற வரைக்கும் காப்பி பண்ணுங்க."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"அது யாருக்குத் தெரியும்."

அலமாரியில் இருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்துச் செருகினாள். இந்த முறை ஃபோல்டர் பெயரை மூன்று தடவை படித்துப் பார்த்தாள். கட்டளையைத் தட்டினாள். 12:52. 1-ஆம் எண்ணில் இருந்து நகல் எடுக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் கோபம். 212-ஐ முதலில் எடு என்று ஒரு கட்டளை தட்டியிருக்கலாம். நானாக இருந்தால் என் வீட்டுக்காரரை முதலில் எடுத்துவிட்டுத்தான் மூச்சே விட்டிருப்பேன். அவள் செய்யவில்லை. "மத்த 211 பேருக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்களே அண்ணி" என்றாள் பிறகு. நல்லவளாக இருப்பதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா.

1:40-க்கு 90-ஆம் எண். 2:10-க்கு 171. டிக் சத்தம் அதிகமாகிக்கொண்டே வந்தது. அவள் சர்வர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று அதனிடம் கெஞ்சினாளாம். 2:31-க்கு 212 வந்தது. அண்ணனின் ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறின. 800... 1,200... 1,500...

2:38.

டிக்... டிக்... கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

பிறகு சத்தமே இல்லை.

திரையில், "1558 படிக்க முடியவில்லை. டிஸ்க் இல்லை."

புது டிஸ்க்கில் எண்ணிப் பார்த்தாள். 1,557. நாற்பத்து மூன்று குறைந்தது. கடைசியில் உள்ள நாற்பத்து மூன்றில்தான் கஷ்டமான சத்தங்கள் எல்லாம் வரும். அவை இல்லாவிட்டால் கருவி செய்ய முடியாது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அரைகுறைக் குரல் குரலே இல்லை. மறுபடி கட்டளை தட்டினாள். "டிஸ்க் இல்லை." மறுபடி. "டிஸ்க் இல்லை." ஐந்து தடவை. ஆறாவது தடவை விரல் எழவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அண்ணனுக்கு இனி ஆயுசுக்கும் சிலேட்டுதான். அதைச் செய்தது தான்தான் என்று நினைத்தபோது செத்துவிடலாம்போல் இருந்தது என்றாள்.

2:44.

சுவர் ஸ்பீக்கர் கரகரத்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. மேஜைமேல் ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. பதிவு அறையில் பதிவு நடக்கும்போது எரிகிற விளக்கின் வெளிச்சம் அது. அந்த அறையைச் சனிக்கிழமையே பூட்டியாயிற்று. சாவிக்கொத்து அவள் கைப்பையில் இருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு குரல். வயதான குரல்.

"அடுத்தது."

அந்த ஒரு சொல்லை அவள் ஆறு வருஷம் தினமும் கேட்டிருக்கிறாள்.

பிறகு இன்னொரு குரல். கம்மல் இல்லாத, முழுக் குரல். "மழை நின்ற பிறகும் கூரை சொட்டிக்கொண்டே இருந்தது."

அவளுடைய அண்ணன்.

மெல்லத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். அவள் எதையும் தட்டவில்லை. எண்ணிக்கை மாறியிருந்தது.

1,558.

கதவு நாலே எட்டுதான். எழுந்து ஓடியிருக்கலாம். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. பயமில்லாமல் இல்லை. ஆனால் எண்ணிக்கை ஏறியதே. எழுந்துபோனால் அது நின்றுவிடுமோ என்ற பயம், மற்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தது."

"யாரோ படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது."

1,559.

"அடுத்தது."

3:05-க்கு 1,570. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சுச் சத்தம். உஸ்ஸ்... என்று, குழாய் வழியாகக் காற்று போவதுபோல. சில வாக்கியங்களுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை "மறுபடி." அண்ணன் சலிக்காமல் திரும்பச் சொன்னார்.

3:20-க்குத்தான் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள்.

உள்ளே யாரும் இல்லை. மைக். அதன் முன்னால் காலி நாற்காலி. சிவப்பு விளக்கு.

கண்ணாடியில் மட்டும் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மங்கல். வரும், மறையும். வரும், மறையும். உட்கார்ந்திருக்கிறவரின் வாய் இருக்கிற உயரத்தில் இல்லை. ஒரு சாண் கீழே.

ஏன் கீழே என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

3:58. 1,599.

"அடுத்தது."

கடைசி வாக்கியம்.

"எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான்..." இருமல்.

"மறுபடி."

"எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் கதவை..." இருமல். உஸ்ஸ்... உஸ்ஸ்...

"மறுபடி."

"எல்லோரும்..."

"மறுபடி."

குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அண்ணன் திணறினார். அவளால் கேட்க முடியவில்லை. ஒன்றுதானே, ஒன்றுதானே என்று ஒரு மனசு. வேண்டாம், விட்டுவிடச் சொல் என்று இன்னொரு மனசு.

"மறுபடி."

"போதும் சார்," என்றாள். அந்த அறையில் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"மறுபடி."

"எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் கதவைச் சாத்தி..."

பாதியில் அறுந்தது.

4:10.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"மீதி அடுத்த வாரம்."

சிவப்பு விளக்கு அணைந்தது.

புது டிஸ்க்கைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எப்படி மூன்று மாடி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. 5:15-க்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டுபோய், செய்த தப்பில் இருந்து தொடங்கி, ஒன்று விடாமல் கொட்டினாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என்னிடமும் சொல்ல ஒன்று இருந்தது.

அன்று மதியம் இரண்டரை வாக்கில் என் வீட்டுக்காரர் தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் உதடு அசைய ஆரம்பித்தது. கனவு என்று நினைத்தேன். நிற்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், யாருக்கோ பதில் சொல்வதுபோல அசைந்துகொண்டே இருந்தது. நான்கு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழுத்துத் துளையில் உஸ்ஸ், உஸ்ஸ் என்று சத்தம். கழுத்து பேண்டேஜில் ரத்தம் கசிந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தார். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் 4:10.

சிலேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார். மருந்து மயக்கத்தில் ஏதோ எழுதுகிறார் என்று விட்டுவிட்டேன். அழிக்கவும் இல்லை. நாத்தனாரைக் கூட்டிப்போய் அதைக் காட்டினேன்.

"தொண்டை வலிக்குது. மப்ளர் போட்ட பெரியவர் விடவே மாட்டேங்கறார். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் வரச் சொன்னார்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மப்ளர் சார் என்று ஒருவர் இருந்ததே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை காலை அவள் முதலாளியிடம் போய் எட்டு மாதத் தப்பையும் ஒப்புக்கொண்டாள். அவர் கத்தினார், நோட்டைத் தூக்கி எறிந்தார், குரல்கள் எல்லாம் பிழைத்துவிட்டன என்பதால் வேலையில் விட்டு வைத்தார். இப்போது அவள் தினமும் டிக் போடுவதற்கு முன்னால், பேக்கப்பில் இருந்து ஒரு குரலைத் திரும்ப எடுத்துக் கேட்டுப் பார்க்கிறாள்.

மெக்கானிக் பழைய டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். உள்ளே படிக்கிற முள் உடைந்து, சுற்றுகிற தட்டையே கீறிவிட்டதாம். "2:38-க்கு அப்புறம் இதுல இருந்து ஒரு எழுத்துகூட வந்திருக்க முடியாதுங்க," என்றார்.

அன்றைக்கு வந்த இரண்டாவது ஆள் யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். "பெரியவரா? மப்ளர் போட்டிருப்பாரே. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவார். கையெழுத்து போடச் சொன்னா சிரிச்சுட்டு போயிடுவார். உங்க ஆபீஸ்தானே?"

என் வீட்டுக்காரரின் கருவி தயாராகி வந்தது. 1,599-ஐ வைத்தே செய்துவிட்டார்கள், ஒன்று குறைந்தால் குடி முழுகாது என்று. அவர் தட்டிய முதல் பேச்சு, "என்ன, முறைக்கிற?" அதே குரல். அதே நக்கல். பதினாறு வருஷமாகக் கேட்ட குரலை அன்றுதான் முதல் தடவை கேட்பதுபோல் நின்றேன். அதற்காக யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பிறகுதான் நாத்தனார் அதைக் கண்டுபிடித்தாள். புது டிஸ்க்கில் எல்லா ஃபைல்களுக்கும் தேதி, நேரம் இருக்கும். ஒரு நாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், மூன்று எண்களில் நின்றுவிட்டாள். 58. 117. 160. மூன்று பேருமே உடம்பு முடியாமல், பட்டியலை முடிக்காமல் ஆபரேஷனுக்குப் போனவர்கள். மூன்று பேருக்குமே இப்போது 1,600 முழுதாக இருந்தது. மீதி வாக்கியங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பதிவானவை. மப்ளர் சார் இறந்த பிறகு.

மூன்று பேர் வீட்டில் இருந்தும் கருவி வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது. ஆள் இல்லை, இறந்துவிட்டார் என்று. இறந்த தேதியை, கடைசி வாக்கியம் பதிவான தேதியோடு ஒத்துப் பார்த்தாள்.

மூன்றும் அதே நாள்.

நோயாளிகள்தானே, சாவது என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணனோட ஃபோல்டரை அழிச்சிடவா அண்ணி?" என்று கேட்டாள். அழித்தால் குரல் போய்விடும். அழிக்காவிட்டால் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதிலாக, சிலேட்டைப் பார்த்த பயத்தில் அப்போதே தொடங்கியதை இன்னும் கண்டிப்பாக்கினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைத் தூங்க விடுவதில்லை. ஒன்றில் இருந்து ஐந்து வரை. நாத்தனார் வந்துவிடுவாள். மூன்று பேரும் சீட்டாடுவோம். அவருக்குக் கண் சொக்கினால் நான் கிள்ளுவேன். "ஒரு மனுஷன் ஞாயித்துக்கிழமைகூட கண்ணசரக் கூடாதா? ரெண்டு பேரும் என்ன ராட்சசிகளா?" என்று கருவியில் தட்டுவார். அவருக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஞாயிறு இப்படியே ஓட்டிவிட்டோம்.

போன ஞாயிறு நாத்தனாருக்குக் காய்ச்சல். வரவில்லை. நாங்கள் இருவர்தான். 2:50 வரை எனக்கு நினைவிருக்கிறது. கையில் ஏழு சீட்டு இருந்தது.

யாரோ தோளை உலுக்கினார்கள். அவர்தான். 3:02.

அவர் தூங்கவில்லை. நான்தான் தூங்கியிருக்கிறேன். கருவியில் தட்டினார்.

"உன் உதடு அசைஞ்சுது."

கனவு எதுவும் நினைவில்லை. தொண்டை மட்டும் வறண்டு கிடந்தது.

திங்கள் காலை 9:20-க்கு நாத்தனாரிடமிருந்து ஃபோன்.

"அண்ணி, நீங்க எப்பவாவது எங்க ஆபீஸ்ல பதிவு பண்ணீங்களா?"

"உங்க ஆபீஸ் வாசலைக்கூட நான் மிதிச்சதில்லையே."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டுகிற சத்தம்.

"புதுசா ஒரு எண் இருக்கு. 213. ஒரே ஒரு ஃபைல். நேத்து 2:58."

"அதுல என்ன இருக்கு?"

அவள் ஓட விட்டாள்.

"விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தேன்."

என் குரல்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. நேற்று டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒன்று பாக்கி. எனக்கு இன்னும் 1,599.